ஆகட்டுங்க

கொங்கு மண்டலப் புதுமை ஊக்குவிப்பு மற்றும் உலகப் போட்டித்திறன் மேம்பாட்டு வாரியம், கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுச்சேலைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. வாரியத்தின் பெயர்ப்பலகை கடையின் பலகையைவிடப் பெரியது. அதனால் முகூர்த்த நாட்களில் கல்யாண வீட்டார் வழிதவறி மாடிக்கு ஏறிவந்து, கூறைச்சேலை எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுப் போவார்கள். வாரியத்தைத் தேடி வந்த பொதுமக்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் அவர்கள்தான்.

நாட்டின் கதவைத் திறந்துவிட்டாகிவிட்டது, இனிமேல் கோயமுத்தூர்க்காரன் ஜப்பான்காரனோடு சேர்ந்து ஓடியாக வேண்டும், ஓடத் தெரியாவிட்டால் யாராவது கற்றுத்தர வேண்டும் என்று தொண்ணூறுகளின் நடுவில் மேலிடத்தில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. அப்படிப் பிறந்ததுதான் வாரியம். முதல் வருடம் முழுக்க வாரியம் தனக்கு ஒரு சின்னம் தேடியது. பல்சக்கரமும் பருத்திப்பூவும் விமானமும் ஒன்றுக்குள் ஒன்று இருக்கும்படி வரைந்து முடித்தார்கள். பார்த்தவர்கள் மின்விசிறி என்றார்கள். இரண்டாம் வருடம் வாரிய உறுப்பினர்கள் உலகப் போட்டித்திறனை நேரில் பார்ப்பதற்காக வெளிநாடுகளுக்குப் போனார்கள், பார்த்துவிட்டதாக அறிக்கையும் கொடுத்தார்கள். மூன்றாம் வருடம் மாசி மாதம் தணிக்கைக்கு வந்த ஒருவர், இதுவரை எந்தப் புதுமையை ஊக்குவித்திருக்கிறீர்கள் என்று வெகுளியாகக் கேட்டுவைத்தார். அப்போதுதான் அப்படி ஒரு வேலையும் தங்களுக்கு இருப்பது வாரியத்துக்கு நினைவு வந்தது.

எனக்கு இந்த வாரியத்தின்மேல் பகை ஒன்றும் இல்லை என்று எழுத ஆசைதான். எழுதினால் பொய்யாகிவிடும்.

தலைவர் லட்சுமணசாமி. தகப்பனார் விட்டுச்சென்ற மூன்று மில்களை ஒற்றை மில்லாகக் குறைத்துக் காட்டியவர் என்பதால், தொழில் நிர்வாகத்தில் அவருடைய அனுபவத்தை யாரும் சந்தேகிக்கவில்லை. உறுப்பினர் செயலர் கிருபாசங்கர் சென்னையிலிருந்து வந்தவர். இதற்கு முன்பு மீன்வளத்திலும், அதற்கும் முன்பு சிறைத்துறையிலும் இருந்தவர். கள அலுவலர் அழகிரிசாமி மட்டும் உள்ளூர், சென்னிமலைப் பக்கம். மற்றவர்கள் பேசுவார்கள், இவர் வண்டி ஏற்பாடு செய்வார்.

மார்ச் முடிவதற்குள் ஒரு புதுமையைக் கண்டுபிடித்தாக வேண்டும் என்று கிருபாசங்கரும் அழகிரிசாமியும் ஜீப்பில் பெருந்துறைக்குப் போனார்கள். தொழிற்பேட்டையை இரண்டு சுற்றுச் சுற்றினார்கள். புதுமை எதுவும் ரோட்டோரம் வந்து நிற்கவில்லை. திரும்பும் வழியில் ஜீப் சூடேறிப் புகைவிட்டது. தண்ணீர் கேட்டு நஞ்சுண்டன் என்பவருடைய தோட்டத்துக்குள் நுழைந்தார்கள். அங்கே மாசாணம் என்பவர் மஞ்சளுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தார்.

வேகவைத்துக் காயவைத்த மஞ்சளைக் கம்பிவலை உருளைக்குள் போட்டுச் சுற்றினால்தான் மேல்தோல் உரிந்து நிறம் ஏறும். சந்தையில் விலை வைப்பது அந்த நிறத்துக்குத்தான். உருளையின் இரு பக்கமும் கைப்பிடி இருக்கும், ஆட்கள் நின்று சுற்ற வேண்டும். மாசாணத்தின் தகப்பனார் அப்படிச் சுற்றினார். மாசாணமும் சுற்றினார், கல்யாணமாகி வந்த செவ்வந்தியும் சுற்றினார். ஒரு சீசன் முடிந்தால் தோள்பட்டையைத் தனியாகக் கழற்றி வைத்துவிடலாம் போலிருக்கும். பிறகு மாசாணம் ஈரோட்டில் ஒரு ஒர்க்ஷாப்பில் எடுபிடியாக இருந்து வேலை பழகினார். அங்கே ஒரு மூலையில் கிடந்த பழைய ஆட்டோவைக் கேட்டு வாங்கி, பின்சீட்டைக் கழற்றிவிட்டு, அதில் உருளையை ஏற்றி, ஆட்டோ இஞ்சினே உருளையைச் சுற்றும்படி செய்தார். அது தோட்டத்துக்குத் தோட்டம் தானே ஓடிப்போகும், போன இடத்தில் மெருகும் போடும். ஊரில் அதற்கு மஞ்சள் ஆட்டோ என்று பெயர்.

உருளையில் ஓரிடத்தில் வலை விலகி ஓர் இடைவெளி விழுந்திருந்தது. மெலிந்த விரலி மஞ்சள் அதன்வழியாக உதிர்ந்துவிடும், உருண்டையான கிழங்கு மஞ்சள் உள்ளேயே தங்கிவிடும். இரண்டையும் பிரிக்கப் பெண்கள் முதுகை வளைத்து உட்கார வேண்டியதில்லை. மாசாணம் முதலில் அந்த ஓட்டையை அடைக்கத்தான் போனார். அது பாட்டுக்குக் கிடக்கட்டும் என்று தடுத்தது செவ்வந்தி.

மஞ்சள் ஆட்டோ வந்த பிறகு இன்னொன்றும் நடந்தது. எங்கள் பக்கத்தில் நாய்க்குட்டியைக்கூட 'ங்க' போட்டுத்தான் விரட்டுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். அந்த 'ங்க' மாசாணத்தின் தெருவுக்குள் மட்டும் நுழைந்ததில்லை. அங்கிருந்து கூலிக்குப் போகிறவர்களுக்கு, தலை நரைத்திருந்தாலும், 'வாடா', 'போடா'தான். ஆட்டோ வந்த பிறகு, சீசன் நேரத்தில் ஆள் கிடைக்காத நெருக்கடியில், நம்ம தோட்டத்துக்கு எப்ப வாரீங்க மாசாணம் என்று ஒருவர் கேட்டார். பிறகு இன்னொருவர் கேட்டார். கடைசியில் நஞ்சுண்டனே கேட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து மாசாணம் செவ்வந்தியிடம் அதை இரண்டு தடவை சொன்னார். அவருக்கு அந்த மிசினால் கிடைத்தது பணமும்தான். ஆனால் அவர் காப்பாற்ற நினைத்தது இதை.

கிருபாசங்கர் மஞ்சள் ஆட்டோவை மூன்று பக்கமும் நின்று பார்த்தார். நான்காவது பக்கம் தூசி பறந்தது. அவர் முகத்தில் ஆழ்கிணற்றில் தண்ணீர் கண்டவனுடைய பூரிப்பு. இது இங்கே இருக்க வேண்டிய பொருளே அல்ல, வாரியத்தில் இருக்க வேண்டியது என்றார். ஆய்வுக்கு எடுத்துப்போகிறோம், ஆய்வு முடிந்ததும் திருப்பித் தருவோம், உங்களுக்குச் சம்மதம்தானே என்று கேட்டார்.

மாசாணம் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஆகட்டுங்க."

இந்த இடத்தில் ஒரு விளக்கம் தேவை. கொங்கு நாட்டில் 'ஆகட்டுங்க' என்றால் சம்மதம் என்று நினைப்பவர் வெளியூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். எதிரே நிற்கிறவர் மனம் நோகாமல் பேச்சை முடித்து வழியனுப்புவதற்கான சொல் அது. பெண் கேட்டு வந்தவர்களுக்கு, பிடிக்கவில்லை என்றால், காபி கொடுத்து 'ஆகட்டுங்க' என்பார்கள். வந்தவர்கள் அடுத்த வீட்டைப் பார்க்கப் போய்விடுவார்கள். இது பொதுவான கணக்கு. மாசாணத்தின் தெருவில் இதற்கு இன்னொரு கணக்கும் உண்டு. அங்கே தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்துச் சொந்தக்காரர் எது சொன்னாலும் பதிலுக்குச் சொல்ல அனுமதிக்கப்பட்ட சொல் இது ஒன்றுதான். மாட்டேன் என்று சொன்னவர்களுக்கு என்ன ஆனது என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

அழகிரிசாமிக்கு இரண்டு கணக்கும் தெரியும். ஆனால் மார்ச் முடிவு நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் ரேடியேட்டர் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் லாரி வந்தது. மாசாணம் பல் துலக்கிக்கொண்டே ஓடிவந்தபோது, மஞ்சள் ஆட்டோவைக் கயிறு போட்டு லாரியில் ஏற்றியாகிவிட்டது. இதென்னங்க அக்கிரமம் என்று அவர் கேட்கவில்லை, கேட்க வாய் வரவில்லை. எங்கீங்க போகுது என்று மட்டும் கேட்டார். நேத்து நீங்கதான ஆகட்டுங்கன்னு சொன்னீங்க என்று அழகிரிசாமி புளியமரத்தைப் பார்த்துச் சொன்னார்.

நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மாசாணம் ஆர்.எஸ்.புரம் போனார். மாடிப்படியில் இருந்த காவலாளி அவருடைய வேட்டியைப் பார்த்துவிட்டு, இது ஆபீஸ் என்றார். மாசாணம் சேலைக்கடை வாசலிலேயே நின்றார். ஒரு கல்யாணக் கூட்டம் வழிதவறி மாடி ஏறியது. அவரும் மாப்பிள்ளை வீட்டாரோடு சேர்ந்து ஏறிப்போனார்.

கூடத்தில் சிவப்புக் கம்பளத்தின் நடுவில் மஞ்சள் ஆட்டோ நின்றது. சுற்றிலும் கயிறு கட்டி, தொடக்கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். எண்ணெய் ஒழுகிக் கம்பளம் கெடும் என்று இஞ்சினைக் கழற்றிவிட்டார்கள். டயரையும் கழற்றிவிட்டு, தேக்குமரக் கட்டைமேல் நிறுத்தியிருந்தார்கள். அடியிலிருந்து முடிவரை நீலப் பெயிண்ட். பக்கவாட்டில் மின்விசிறிச் சின்னம். மாசாணம் முதலில் அது தன்னுடையது இல்லை என்று நினைத்து அந்தப் பக்கம் தேடப்போனார்.

கிருபாசங்கர் எழுந்துவந்து, திரு. மாசாணம் அவர்களே வாருங்கள் என்று கைகுலுக்கினார். நாற்காலி போடச் சொன்னார். மிசினை எடுத்துட்டுப் போகலாம்னு வந்தனுங்க என்றார் மாசாணம். நல்ல நேரத்தில் வந்தீர்கள், புதுமைச் சான்றுக் குழு கூடியிருக்கிறது, சான்று கிடைத்தால் அடுத்த கட்டம் என்று உள்ளே அழைத்துப்போனார். அடுத்த கட்டம் என்பது மிசினைத் திருப்பித் தருவது என்று மாசாணம் எடுத்துக்கொண்டார்.

குழுவின் தலைமையில் பேராசிரியர் தனபால் இருந்தார். புதுமை பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். இந்த இயந்திரம் எந்தெந்த நாட்டில் உபயோகத்தில் இருக்கிறது என்பது அவருடைய முதல் கேள்வி. பெருந்துறைப் பக்கம் மட்டும்தானுங்க என்றார் மாசாணம். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

"நாம் உலகத்தோடு போட்டி போட வேண்டும். போட்டி போட வேண்டுமானால் உலகத்தில் இருப்பதைப் போலவே செய்ய வேண்டும். உலகத்தில் எங்குமே இல்லாத ஒன்றை நாம் பாட்டுக்குச் செய்துவைத்தால், அதை எதோடு ஒப்பிடுவது? ஏற்கெனவே இல்லாத ஒரு பொருளைப் புதுமை என்று நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

குழு கவலையில் ஆழ்ந்தது. மார்ச் முடியப்போகிறதே என்று கிருபாசங்கர் மெல்ல நினைவூட்டினார். கடைசியில் ஓர் உறுப்பினர் தன் வெளிநாட்டுப் பயணத்தில் வாங்கிவந்த வண்ணப் புத்தகத்தைப் புரட்டி, இத்தாலியில் உருளைக்கிழங்குத் தோல் உரிக்கும் இயந்திரத்தின் படத்தைக் காட்டினார். அதிலும் ஓர் உருளை இருந்தது. பேராசிரியர் தனபால் மூச்சு விட்டார். மாசாணத்தின் இயந்திரம் இத்தாலி இயந்திரத்தின் அளவுக்குப் புதுமையானது என்று சான்றளிக்கப்பட்டது. ஒரே ஒரு நிபந்தனை. இத்தாலி உருளையில் ஓட்டை இல்லை. ஆகவே இதிலுள்ள ஓட்டையை உலகத் தரத்துக்கு ஏற்ப வெல்டிங் வைத்து அடைத்துவிட வேண்டும்.

அந்த ஓட்டைலதானுங்க விரலி உழுகும் என்று மாசாணம் ஆரம்பித்தார். ஓட்டைதான் புதுமையா என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு, அடைத்துவிடலாம்தானே என்று பேராசிரியர் கனிவாகக் கேட்டார்.

"ஆகட்டுங்க" என்றார் மாசாணம்.

அடுத்த கட்டம் என்பது பயிற்சி என்று அப்புறம்தான் தெரிந்தது. ஒருவர் தன் இயந்திரத்தைத் திரும்பப் பெற வேண்டுமானால் அவர் புதுமையாளர் என்று பதிவாகியிருக்க வேண்டும். பதிவாக வேண்டுமானால் புதுமை செய்வது எப்படி என்ற பயிற்சியை முடித்திருக்க வேண்டும். பயிற்சி இனிமேல்தான் தொடங்கும்.

ஊரில் மஞ்சள் காத்திருக்குமா? நஞ்சுண்டன் தோட்டத்துக் களத்தில் காய்ந்த மஞ்சள் குவிந்து கிடந்தது. முதல் தடவை பார்த்தபோது, எப்ப வாரீங்க மாசாணம் என்றார். அடுத்த தடவை, எப்ப வருவ மாசாணம் என்றார். அதற்கடுத்த தடவை வண்டியை நிறுத்தாமலேயே, என்னடா ஆச்சு உன்ற மிசினு என்று கேட்டுக்கொண்டே போனார். மாசாணம் ரோட்டோரம் நின்று அந்த 'ங்க' போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பயிற்சி அவினாசி ரோட்டில் ஒரு பெரிய ஓட்டலில் குளிர்சாதன அறையில் நடந்தது. மாசாணத்தைத் தவிர மற்றவர்கள் தலைவர் லட்சுமணசாமியின் மருமகன்களும் மருமகன்களின் நண்பர்களும். அவர்களில் ஒருவர் சாய்பாபா காலனியில் ஐஸ்கிரீம் கடை வைப்பதாக இருந்தார். பயிற்சியாளர் நந்திதா பெங்களூரிலிருந்து விமானத்தில் வந்திருந்தார். இதுவரை தெரிந்ததையெல்லாம் மறந்துவிடுங்கள் என்று தொடங்கினார். மருமகன்களுக்கு அது சிரமமாக இல்லை.

பிறகு ஒவ்வொருவரும் தங்கள் மனதை அழுத்தும் பிரச்சினையைச் சொல்ல வேண்டும் என்றார். மாசாணத்தின் முறை வந்தது. எழுந்து நின்று, எம்பட மிசினைக் காணமுங்க என்றார். நந்திதா மகிழ்ந்துபோனார். வெள்ளைப் பலகையில் 'உடைமை உணர்வு' என்று பெரிதாக எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். புதுமையாளனுக்கு முதல் எதிரி இதுதான், எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு தங்கள் உடைமையை ஒரு பறவையைப் போல மனதுக்குள் பறக்கவிடுங்கள் என்றார். மாசாணமும் கண்ணை மூடினார். மஞ்சள் ஆட்டோ பறக்கவில்லை. அதற்கு டயர்கூட இல்லை என்பது நினைவு வந்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல முன்னேற்றம் என்று நந்திதா தோளில் தட்டிக்கொடுத்தார். மத்தியானம் ஐஸ்கிரீம் போட்டார்கள்.

சான்றிதழை எடுத்துக்கொண்டு மாசாணம் மறுபடியும் வாரியத்துக்கு வந்தார். இப்போது காவலாளி சல்யூட் அடித்தார். கிருபாசங்கர் அவரைக் கட்டிக்கொண்டார். வெளிநாட்டுத் தூதுக்குழு ஒன்று பங்குனிக் கடைசியில் வருகிறது, அவர்கள் முன்னிலையில் விழா, விழாவில் மாசாணம் மேடையில் உட்கார வேண்டும், இயந்திரத்தைப் பற்றிய முடிவு அங்கேயே சொல்லப்படும் என்றார்.

வீட்டில் இதைச் சொன்னதும் செவ்வந்தி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். மனைவிக்குக் கோபம் வரும்போது குரல் தாழும் என்பது மாசாணத்துக்குத் தெரியும்.

"அவிய எது கேட்டாலும் ஒரே பேச்சுத்தான் சொல்லோணும். முடியாதுங்க. எங்க, சொல்லுங்க பாக்கலாம்."

மாசாணம் வாயைத் திறந்தார். "ஆகட்டும் புள்ள, சொல்லிப்போடறேன்" என்றார்.

விழாவுக்குப் பெருந்துறையிலிருந்து காந்திபுரம் வரை பஸ்ஸில் போகும்போது செவ்வந்தி விடவில்லை. ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் சொல்லச் சொன்னார். விஜயமங்கலத்தில் உதடு மட்டும் அசைந்தது. அவினாசி வந்தபோது லேசாகச் சத்தம் வந்தது. நீலாம்பூர் தாண்டும்போது மாசாணம் 'முடியாதுங்க' என்று முழுசாகச் சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்றவர், தள்ளி நிற்கும்படி தான் சொன்னதற்கு முடியாது என்கிறார் என்று நினைத்துச் சண்டைக்கு வந்தார். செவ்வந்திக்கு அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

மண்டபத்தில் தூதுக்குழுவினர் ரோஜா மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் மஞ்சள் ஆட்டோ. உள்ளே சின்னதாக ஒரு மின்மோட்டார் வைத்து, உருளையைச் சுற்றிச் சீரியல் விளக்குப் போட்டிருந்தார்கள். மஞ்சளைப் போட்டால் தூசி பறக்கும் என்று தெர்மோகோல் துண்டுகளுக்கு மஞ்சள் வர்ணம் பூசி உள்ளே போட்டிருந்தார்கள். பொத்தானை அழுத்தியதும் உருளை சத்தமே இல்லாமல் சுற்றியது. விரலியும் விழவில்லை, கிழங்கும் தங்கவில்லை. இது என்ன செய்யும் என்று தூதுக்குழுவில் ஒருவர் கேட்க, இது கொங்கு மண்டலத்தின் எழுச்சியைக் குறிக்கிறது என்று கிருபாசங்கர் ஆங்கிலத்தில் சொன்னார். கேட்டவர் குறித்துக்கொண்டார்.

தலைவர் லட்சுமணசாமி பேச எழுந்தார். அவர் நெஞ்சிலிருந்து பேசக்கூடியவர், எழுதிவைத்துப் படிப்பதில்லை. அதனால் அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"எங்க ஐயன் காலத்துல வாரியம் கிடையாதுங்க. கமிட்டி கிடையாது, பயிற்சி கிடையாது. அவிய பாட்டுக்கு மில்லுக் கட்டினாங்க, பம்பு செஞ்சாங்க, மோட்டாரு செஞ்சாங்க. ஒருத்தர்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கலீங்க. அந்த ஒழுங்கீனத்துக்கு நாங்க முற்றுப்புள்ளி வெச்சிருக்கறோம். இனிமேல் வாரியத்துக்குத் தெரியாம இந்த மண்டலத்துல ஒரு புதுமையும் நடக்காதுன்னு, வந்திருக்கற விருந்தாளிகளுக்கு நான் வாக்குக் கொடுக்கறனுங்க."

பலத்த கைதட்டல். அந்த வாக்கை மட்டும் வாரியம் கடைசிவரை காப்பாற்றியது.

பிறகு மாசாணத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மாசாணம் அவர்கள், தமது இயந்திரத்தை வாரியத்துக்கே நிரந்தரமாக, மனமுவந்து அர்ப்பணிக்கிறார், அப்படித்தானே என்று கிருபாசங்கர் மைக்கை அவர் வாய்க்கு நேரே நீட்டினார்.

மாசாணம் எழுந்து நின்றார். கடைசி வரிசையில் செவ்வந்தி உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். அவர் உதடு அசைவது மேடையிலிருந்தே தெரிந்தது. மாசாணத்துக்குச் சொல் தொண்டைவரை வந்துவிட்டது, இதை நான் சத்தியமாகச் சொல்வேன். ஆனால் முன்வரிசையில் வெள்ளை வேட்டிகள், பக்கத்தில் லட்சுமணசாமி, அவர் கையில் மோதிரங்கள். அந்தக் காலத்தில் களத்து வாசலில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற மாசாணத்தின் தகப்பனாரும் அந்த மைக்குக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"ஆகட்டுங்க."

ஒலிபெருக்கியில் அது மண்டபம் முழுக்கக் கேட்டது. தூதுக்குழுவுக்கு அது மொழிபெயர்க்கப்பட்டது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அழகிரிசாமி மட்டும் சாப்பாட்டுப் பந்தியைக் கவனிக்க வெளியே போய்விட்டார். திரும்பி வரும் பஸ்ஸில் செவ்வந்தி பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பெருந்துறையில் இறங்கும்போது, மைக்குல கூட அதையேதான் சொல்லிப்போட்டீங்க என்றார். அது திட்டுவதைப் போலக்கூட இல்லை. மாசாணத்துக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

சித்திரை வெயிலில் நஞ்சுண்டன் தோட்டத்துக் களத்துக்குப் பழைய கை உருளையைத் தூக்கிவந்தார்கள். ஒரு பக்கம் மாசாணம், மறுபக்கம் செவ்வந்தி. சீக்கிரமாச் சுத்துடா, மஞ்ச நெறம் மங்குது என்று நஞ்சுண்டன் வேப்பமர நிழலில் இருந்து சொன்னார். செவ்வந்தி மடித்த துணியைத் தோளில் வைத்துக்கொண்டு சுற்றினார். விழாவில் போர்த்திய பொன்னாடைதான் அது, வேறு எதற்கும் உதவாது.

அப்போது வாரியத்தின் ஜீப் வந்து நின்றது. அழகிரிசாமியோடு மதுக்கரையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஜெரோம் இறங்கினார். வாரியத்தின் ஆண்டு மலருக்குப் படம் எடுக்கும் வேலை அவருக்கு. எல்லாப் படமும் தயார், 'புதுமைக்கு முன்பு' என்ற பக்கத்துக்குப் போடத்தான் படம் கிடைக்கவில்லை, இந்தக் காலத்தில் கையால் உருளை சுற்றுகிறவர்களைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடாகிவிட்டது என்று ஜெரோம் சொல்லிக்கொண்டே காமிராவை எடுத்தார். நேரே பார்த்த பிறகுதான் அழகிரிசாமிக்கு அது யார் என்று தெரிந்தது. அவர் ஜீப்புக்குள் திரும்பப் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஜெரோமுக்கு மாசாணத்தைத் தெரியாது. அவர் தன் வேலையில் கெட்டிக்காரர். வெயில் முகத்தில் விழும்படி நிற்க வைத்தார்.

"இன்னொருக்காச் சுத்துங்ணா. சிரிச்சுப்போடாதீங்க, இது முன்னாடி படமுங்ணா."

மாசாணம் கைப்பிடியை விட்டார். உருளை தன் கனத்தில் அரைச்சுற்றுத் திரும்பி நின்றது. மஞ்சள் தூசி படிந்த முகத்தை நிமிர்த்தி, அவர் அந்தக் கண்ணாடி வட்டத்தை நேருக்கு நேர் பார்த்தார்.

"முடியாதுங்க."

யாரும் சொல்லிக்கொடுக்காமல், தடுக்காமல், தண்ணீர் குடித்ததைப் போல அது வந்துவிட்டது. நிழலில் இருந்த நஞ்சுண்டன் எழுந்து நின்றார். மறுபக்கம் செவ்வந்தியும் கைப்பிடியை விட்டுவிட்டு, புருஷனைப் புது ஆளைப் பார்ப்பதைப் போலப் பார்த்தார்.

"அதேதானுங்ணா" என்றார் ஜெரோம், காமிராவிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்த மூஞ்சி அப்படியே இருக்கட்டும்." படத்தை எடுத்துவிட்டார்.

ஆண்டு மலர் வழவழப்பான தாளில் வந்தது. இடது பக்கத்தில், கைப்பிடியை விட்டுவிட்டு நிற்கும் ஓர் ஆளின் படம். கீழே, 'முடியாது என்றவர்கள்: வாரியம் வருவதற்கு முன்பு' என்று போட்டிருந்தார்கள். வலது பக்கத்தில் பொன்னாடையோடு மைக் முன்னால் நிற்கும் மாசாணம். 'ஆகட்டும் என்றவர்கள்: வாரியம் வந்த பின்பு.' இரண்டு படத்திலும் ஒரே ஆள், ஒரே சட்டை.

அச்சுக்குப் போவதற்கு முன்னால் கிருபாசங்கர் அந்தப் பக்கங்களை அழகிரிசாமியிடம் கொடுத்து, நீங்கள் உள்ளூர்க்காரர், எல்லாம் சரியாக இருக்கிறதா பாருங்கள் என்று கேட்டாராம். அழகிரிசாமி வெகுநேரம் பார்த்தாராம். பிறகு, "ஆகட்டுங்க" என்றாராம்.